பாரிஸ் ஒண்ணு

அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறி "பாரிஸ் ஒண்ணு" என்றால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கொடுப்பார். 1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி என்ற வேல்ஸ்காரரின் பெயர் அந்த முனையில் ஒட்டிக்கொண்டு, நம் வாயில் பாரிஸ் ஆகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பவுண்டரி ஒன்றில் முப்பது வருஷம் வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன் செய்துகொண்டு அந்தப் பாரிஸுக்கே போய்வந்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகுதான் இன்னொரு பாரிஸைப் பார்க்கக் கிளம்பினேன்.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்து கார் து நோர் நிலையத்தில் இறங்கினேன். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால், முகப்பு முழுக்கக் கல்லில் பெண்கள். மொத்தம் 23 சிலைகள், ஒவ்வொருத்தியும் ஓர் ஊர். உச்சியில் பாரிஸ்; சுற்றிலும் லண்டன், பெர்லின் என்று மற்றவர்கள். ஆவடி லோக்கலில் கொரட்டூர், பட்டரவாக்கம் என்று எண்ணிக்கொண்டு போனவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பட்டரவாக்கத்துக்கு ஒரு சிலை வடித்தால் கையில் ஸ்பேனர்தான் கொடுக்க வேண்டும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லா சப்பல். ஐரோப்பாவில் நான் முதலில் வாய்விட்டுப் படித்த பெயர்ப்பலகை தமிழில் இருந்தது. முருங்கைக்காய் அடுக்கியிருந்த கடைக்காரர், "எங்க இருந்து வாறியள் அண்ணை?" என்றார். அம்பத்தூர் என்றேன். "மெட்ராஸ்தானே?" என்று ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

தேநீர் குடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பிறகு அங்கே இருந்த இரண்டு நாளும் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1853 முதல் ஓஸ்மான் என்ற அதிகாரி பழைய சந்துகளை இடித்து அகலத் தெருக்கள் போட்டார். வீடுகளுக்கு ஒரே உயரம், வெண்ணெயில் லேசாகத் தேன் கலந்த நிறத்தில் ஒரே சுண்ணாம்புக்கல், மேலே புறாச் சாம்பல் நிறத்தில் துத்தநாகத் தகட்டுக் கூரை. இரண்டாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் மட்டும் இரும்புக் கிராதி வைத்த பால்கனி இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓடும். லிஃப்ட் இல்லாத காலத்தில் பணக்காரர்கள் இரண்டாவது மாடியில் இருந்தார்கள். வேலைக்காரப் பெண்கள் கூரையடி அறைகளுக்கு ஏறினார்கள். கட்டடங்களின் இந்த ஒரே மாதிரி ஒழுங்கு அலுப்புத் தட்டாததற்குக் காரணம் அந்தக் கிராதிகள்தான். பக்கத்து வீட்டுக் கொடி இந்த வீட்டில் வேறு விதமாகச் சுருளும். சுதி ஒன்று, சங்கதி வேறு.

கதவிலக்கத்தையும் சொல்ல வேண்டும். "பழைய எண், புதிய எண்" இரண்டையும் எழுதியே கடிதம் போட்டுப் பழகியவன் நான். இங்கே 1805-லிருந்து ஒரே முறை. செய்ன் நதிக்குக் குறுக்குவாட்டில் போகும் தெருவில் எண் நதியிலிருந்து தொடங்கும். நதியோடு ஓடும் தெருவில் எண்ணும் நீரோட்டத்தோடு ஏறும். எண்கள் ஏறும் போக்கைப் பார்த்தே நதி எந்தப் பக்கம் இருக்கிறது, அல்லது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

மெட்ரோ வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். 1900-ல் எக்தோர் கிமார் வரைந்தது. பச்சை இரும்பு ஏதோ நேற்று முளைத்த தண்டுபோல நிலத்திலிருந்து எழும்பி வளைந்து, நுனியில் மொட்டுப்போல ஒரு செவ்விளக்கைத் தாங்கும். என் கண் தானாக, அச்சின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனைத் தேடியது. எல்லாமே காஸ்டிங். கைப்பிடிச் சுவரின் பலகைகள் ஒரே பேட்டர்னில் வார்த்தவை. பெரிய வாசலோ சின்ன வாசலோ, தேவையான அளவுக்குச் சேர்த்துப் பூட்டிவிடலாம். தண்டின் நரம்பு மேலே போகப்போக மெலிகிறதே, அதற்குப் பேட்டர்ன் செய்தவர் கையை நினைத்துக்கொண்டேன். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

ஈஃபில் கோபுரத்துக்கும் போனேன். 18,038 துண்டுகள், 25 லட்சம் ரிவெட். பார்த்தேன், வணங்கினேன், வந்தேன்.

மனத்தில் தங்கியது மறுநாள் காலைக் காட்சி. பச்சைச் சீருடைக்காரர் ஒருவர் நடைபாதை ஓரத்தில் ஒரு சாவியைத் திருகினார். கல்லுக்கடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அது குடிதண்ணீர் அல்ல. நதியிலிருந்தும் ஊர்க் கால்வாயிலிருந்தும் தனிக் குழாயில் வருவது. பழைய தரைவிரிப்புத் துண்டு ஒன்றைச் சுருட்டி, கயிற்றால் கட்டி, ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார். வந்த தண்ணீர் அதில் முட்டி, யோசித்து, அவர் சொன்ன பக்கம் திரும்பியது. பின்னாலேயே பச்சை விளக்குமாற்றால் சருகையும் சிகரெட் துண்டுகளையும் ஓட்டிக்கொண்டு போனார். வயலில் மடை திருப்புகிறவர் மண்வெட்டியால் செய்வதை, இவர் கந்தல் கம்பளத்தால் செய்தார். ஈரக் கல்லில் வானம் தெரிந்தது. வாசல் தெளித்துக் கோலத்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு நம் தெருவில் ஒரு மணம் உண்டே, கிட்டத்தட்ட அதே மணம்.

அந்த ஊருக்குப் போனால் முதல் காலையிலேயே கோபுரத்துக்கு ஓடாதீர்கள். வெயில் ஏறுமுன் தெருவில் இறங்கி, நடைபாதை ஓரம் நின்று குனிந்து பாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.