ஏ8 மூலையில் மாட்டிய மந்திரி

டிங் லிரென் தோற்றது 55வது நகர்த்தலில் என்கிறார்கள். குகேஷுக்கு அதிர்ஷ்டம், பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிங் வழுக்க ஆரம்பித்தது 29வது நகர்த்தலில். அடி விழுந்ததுதான் 55இல்.

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூர் செந்தோசாவில் உலகச் சதுரங்கப் போட்டியின் 14வது ஆட்டம், கடைசி ஆட்டம். இருவருக்கும் தலா 6.5 புள்ளி. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை மலேசியாவின் ஜித்ராவில் ஒரு மாமாக் கடையில், கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசை மலாய்க்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சேர்ந்துகொண்டார். அவரோடு பேசுவதில் ஒரு வில்லங்கம். நாம் மந்திரி என்பதை அவர் 'காஜா' என்பார், அதாவது யானை. அவருடைய 'மெந்த்ரி' நமக்கு ராணி. நம் யானையோ அவருக்குக் கோட்டை.

வெள்ளைக் காய் டிங்குக்கு. தொடக்கம் அவருக்குச் சாதகமாகவே போனது. ஜி2இல் இருந்த மந்திரி நீளக் கோட்டில் ராணிப் பக்கத்தைக் குறிவைத்து நின்றது. 20வது நகர்த்தலில் குதிரையை எஃப்4இல் வெட்டக் கொடுத்து, அடுத்த அடியில் சி6 குதிரையை வெட்டி எடுத்தது நேர்த்தியான வேலை. பி3இல் ஒரு சிப்பாயும் தடையில்லாமல் நின்றது. வெற்றிக்கு விளையாட விரும்பும் ஆளுக்கு அதுவே போதும்.

டிங் அப்படி விரும்பவில்லை. 2023இல் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை அதிவேக டைபிரேக்கில் வீழ்த்தித்தான் அவர் பட்டம் வென்றார். இந்த ஆட்டத்தை டிரா செய்தால் மறுநாள் மறுபடி அதே டைபிரேக். அதனால்தான் 29வது நகர்த்தலில் அந்தச் சிப்பாயையே பி4க்குத் தள்ளி இலவசமாகக் கொடுத்து, ராணிகளை வெட்டுக்கு வெட்டு முடித்தார். இரண்டு நகர்த்தல் கழித்து ஒரு ஜோடி யானையும் போனது. பலகையில் காய் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது அவர் கணக்கு.

ஏட்டுக் கணக்கில் அது சரிதான். ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி. இரண்டு மந்திரிகளும் வெள்ளைக் கட்டத்தில் ஓடுபவை. குகேஷுக்கு மூன்று சிப்பாய், டிங்குக்கு இரண்டு, எல்லாம் ராஜா பக்கத்திலேயே. டிரா என்று கணினி சொல்லிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் ரொட்டி சானாய்க்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். நானும்தான்.

பதினெட்டு வயதுப் பையன் குகேஷ் மட்டும் எழவில்லை. ஜி சிப்பாயை நகர்த்தினார், எச் சிப்பாயை நகர்த்தினார், ராஜாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தார். இருபது நகர்த்தலுக்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் டிங் புதிதாக யோசித்தாக வேண்டும், அவருடைய கடிகாரமோ கரைந்துகொண்டே இருந்தது. சிப்பாய்க் கணக்கு இரண்டுக்கு ஒன்று ஆனது.

53வது நகர்த்தலில் டிங் மந்திரியை ஏ8 மூலைக்கு அனுப்பினார். 32இலும் அது அங்கேதான் போய் நின்றது. அப்போது வம்பில்லை. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே கோடுதான், மாற்றுவழி கிடையாது. 54இல் குகேஷின் ராஜா இ5க்கு வந்து எஃப்4 யானையைத் தொட்டது. பக்கவாட்டில் ஏ4க்குத் திரும்பியிருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும். டிங் எஃப்2க்கு இறக்கினார். யானைக்கு யானை! அன்று முழுக்க அவர் செய்துவந்த அதே காரியம், இன்னொரு வெட்டுக்கு வெட்டு.

"காஜா மாத்தி!" என்று மேசையைத் தட்டினார் மலாய்க்காரர். நாங்கள் யானையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காஜா செத்தது என்று அவர் சொன்னது ஏ8 மந்திரியை. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி5இல் வைத்தார். ஒரே கோட்டின் நடுவில் வந்து நிற்கிறது. தப்பிக்க இடமில்லை, வெட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை. குகேஷும் முதலில் இதைப் பார்க்கவில்லையாம், யானையை வேறிடத்துக்கு நகர்த்தத்தான் நினைத்தேன் என்று பிறகு சொன்னார். அதிர்ஷ்டக் கட்சிக்கு அவ்வளவு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

எங்கள் ஊருக்கு அந்தத் தேதி புதிதல்ல. 1941 டிசம்பர் 12 இரவுதான் ஜப்பானியரின் தாக்குதலில் பதினோராவது இந்திய டிவிஷன் ஜித்ரா தற்காப்பு வரிசையை விட்டு குருன் பக்கம் பின்வாங்கியது. அதைச் சொன்னதும் மேசையிலிருந்த பெரியவர், "சண்டையையும் சதுரங்கத்தையும் கலக்காதே தம்பி" என்று அதட்டினார்.

58வது நகர்த்தலில் கறுப்பு ராஜா இ5க்கு வந்ததும் டிங் கை கொடுத்துவிட்டார். 7.5க்கு 6.5. 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனையும் அத்தோடு போனது.

ஏன் அதற்குள் விட்டுவிட்டார் என்று கேட்டார் மலாய்க்காரர். மேசைமேல் சென் காசுகளை அடுக்கினோம். வெள்ளை ராஜா இ2க்கு ஒதுங்கினால் கறுப்பு ராஜா இ4க்கு ஏறும். டி3க்குப் போனால் எஃப் சிப்பாய் முட்டும். நாலைந்து தடவை மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஜி3இல் வைத்த ஐந்து சென் காசு என் பக்கம்தான் வந்தது.