பொறி ஒரு வீட்டில், ஈ தெரு முழுக்க

புதுச்சேரி முதலியார்பேட்டை வீடுகளின் கொல்லையில் கொய்யாவும் மாவும் பெரும்பாலும் ஒற்றை மரங்கள்தாம். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மரம். பழத்தைப் பிளந்ததும் புழு நெளிந்தால், பழ ஈப் பொறி ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். அதற்குள் இருக்கும் கட்டையில் ஊறியிருப்பது மீதைல் யூஜினால், துளசியிலும் உள்ள மணப்பொருள். நல்ல முறைதான். ஆனால் தனி வீட்டுக்கு இதை மருந்தாக விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

இதன் தொடக்கம் இந்தியாவில். பிகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹௌலட், கொசுவை விரட்டப் பூசிய சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை 1912இல் எழுதினார். மீதைல் யூஜினாலின் ஈர்ப்பை 1915இல் காட்டினார். வந்தவை ஆண் ஈக்கள். இந்த முறையின் பலம், குறை இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழத்தில் ஒரு சொட்டு மருந்து படுவதில்லை. தேனீக்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. தெளிப்பானைத் தூக்கும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் காயைத் துளைத்து முட்டையிடும் பெண் ஈ இந்தப் பொறிக்கு வருவதில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், தப்பிய சில ஆண்களே போதும். கருவுற்ற பெண்ணோ மதில் தாண்டி வரும். 1960களின் தொடக்கத்தில் பசிபிக்கின் ரோட்டா தீவில் இந்த ஈயை அறவே ஒழித்தார்கள் என்றால், நஞ்சும் மணமும் ஊறிய துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுதும் போட்டதால்தான்.

பொறிக்குப் பதிலாகத் துளசியைக் கசக்கிக் கொட்டாங்கச்சியில் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொல்ல எதுவும் இல்லாவிட்டால் ஆண் ஈ அந்தச் சாற்றை உண்டு பறந்துவிடும். உண்ட பொருளை உடலுக்குள் மாற்றி, பெண்ணை இழுக்கும் மணமாக்கிக்கொள்ளும். பாகற்கொடியில் இதே பொறியை மாட்டுவதும் வீண். அங்கே வரும் ஈயினம் வேறு, அது க்யூ லூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும்.

காய் முற்றும் முன்பே தெரு முழுக்கப் பொறி கட்ட வேண்டும். விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கியாக வேண்டும்; புழு பழத்தைவிட்டு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. அவற்றைக் குப்பையில் வீசினால் அங்கிருந்தே ஈ கிளம்பும். பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டால் புழு செத்துவிடும். குரும்பாபேட்டிலுள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் நகரத்துக் கொல்லைகளுக்கும் பயிற்சி தரட்டும், தனி ஆளை அல்ல, ஒரு தெருவை அலகாக வைத்து.