முரணின்மை மட்டும் போதுமா?

மைக்கேல் ரூஸ் தமது 84ஆம் வயதில், 2024 நவம்பர் 1ஆம் தேதி காலமானபோது, அவருக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலிகளில் ஒரு புகழுரை திரும்பத் திரும்பத் தலைகாட்டிற்று. டார்வினுடைய பரிணாமக் கொள்கைக்கும் கிறிஸ்தவ சமயத்துக்கும் இடையே மூண்டிருந்த பகையைத் தணித்து, இரண்டும் ஒரே மனிதனுடைய உள்ளத்தில் கௌரவத்தோடு குடியிருக்கலாம் என்று காட்டிய சமரச தத்துவஞானி அவர் என்பதே அந்தப் புகழுரை. அவருக்கு உரிய பெருமைகள் பல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றுள் இது ஒன்றன்று என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். மறைந்தவர்களைப் பற்றி நல்லதே பேசவேண்டும் என்ற சம்பிரதாயம் எழுத்தாளர்கள் விஷயத்தில் முழுவதும் செல்லாது. அவர்கள் விட்டுச்சென்ற நூல்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்வது மரியாதைக் குறைவாகாது.

பெருமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிறந்து, குவேக்கர் மரபில் வளர்ந்து, இருபது வயதையொட்டி அந்த நம்பிக்கையை இழந்து, 1965 முதல் கனடாவின் கெல்ஃப் சர்வகலாசாலையிலும், 2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா ஸ்டேட் சர்வகலாசாலையிலும் ஆசிரியராக இருந்த இம்மனிதர், விஞ்ஞானத் தத்துவம் என்றாலே பௌதிகத்தைப் பற்றிய தத்துவம் என்று அறிஞர் பலரும் எண்ணியிருந்த காலத்தில், உயிரியலும் தத்துவ ஆராய்ச்சிக்கு உரிய துறையே என்பதை 1973இல் வெளியிட்ட தமது நூலால் உணர்த்தினார். டேவிட் ஹல் முதலிய சிலரோடு சேர்ந்து அத்துறையை வளர்த்து, 1986இல் அதற்கென்று ஒரு சஞ்சிகையையும் தொடங்கினார். பரிணாமத்தைப் பற்றிய எழுத்துக்களில் 'முன்னேற்றம்' என்னும் ஐரோப்பியக் கனவு எத்தனை வேஷங்களில் நுழைந்திருக்கிறது என்று ஆராயும் 'மோனட் டு மேன்' (1996) அவருடைய நூல்களுள் தலைசிறந்தது என்பது என் மதிப்பு. அதில் அவர் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தமக்கு வேண்டியவர்களான விஞ்ஞானிகளையே விசாரணைக்கு நிறுத்தினார்.

ஆனால் பொதுமக்கள் அவரை அறிந்தது வேறொரு விசாரணையின் மூலமாக. 1981ஆம் ஆண்டு ஆர்கன்ஸா ராஜ்யம் 590ஆம் எண் சட்டத்தை இயற்றி, பள்ளிக்கூடங்களில் பரிணாமம் போதிக்கப்படுமானால் 'சிருஷ்டி விஞ்ஞானம்' என்பதற்கும் சரிசமமான இடம் தரவேண்டும் என்று விதித்தது. பூமி அண்மையில் தோன்றியது, உலகம் முழுவதையும் மூழ்கடித்த பிரளயம் ஒன்று வந்தது, மனிதனுக்கும் குரங்குக்கும் வமிசம் வேறு என்பனவெல்லாம் அந்த விஞ்ஞானத்தின் அம்சங்கள் என்று சட்டமே பட்டியலிட்டது. இதை எதிர்த்து நீதிஸ்தலத்தை நாடிய வழக்குக்குத் தம் பெயரைக் கொடுத்தவர் மக்லீன் என்ற மெதடிஸ்ட் போதகர். அவரோடு கத்தோலிக்க, எபிஸ்கோபல் சபைகளின் பிஷப்புகளும் சேர்ந்துகொண்டார்கள். (அரசாங்கத்தின் பக்கம் சாட்சி சொல்ல வந்தவர்களுள் கொழும்பில் பிறந்த வானநூல் அறிஞர் சந்திர விக்கிரமசிங்க ஒருவர். உயிரின் வித்துக்கள் விண்வெளியிலிருந்து வந்தவை என்ற தம்முடைய கொள்கையை விரிவாக எடுத்துரைத்த அவர், பூமி இளமையானது என்பதைத் தாமும் நம்பவில்லை என்று ஒப்புக்கொண்டு, தம்மை அழைத்தவர்களுக்கு அதிக உபகாரம் செய்யாமலே திரும்பினார்.)

லிட்டில் ராக் நகரத்தில் அந்த டிசம்பர் மாதம் சாட்சிக் கூண்டில் ஏறிய ரூஸ், விஞ்ஞானத்துக்கு லட்சணங்கள் வகுத்துக் கொடுத்தார். இயற்கை விதிகளால் வழிநடத்தப்படுவது, அவ்விதிகளைக் கொண்டே விளக்கம் தருவது, அனுபவ உலகத்தில் சோதிக்கத்தக்கது, முடிவுகளைத் தற்காலிகமாகவே கொள்வது, பொய்யென்று நிரூபிக்க இடம் கொடுப்பது ஆகிய இந்த ஐந்தும் உடையதே விஞ்ஞானம். சிருஷ்டி விஞ்ஞானத்துக்கு இவை இல்லை. ஆகவே அது சமயமே என்றார். நீதிபதி ஓவர்டன் 1982 ஜனவரி 5ஆம் தேதி அளித்த தீர்ப்பில் இந்த ஐந்து லட்சணங்களும் இடம்பெற்றன. சட்டம் செல்லாததாயிற்று.

வெற்றியின் ஆரவாரம் அடங்குவதற்குள்ளேயே, சிருஷ்டிவாதத்தில் எள்ளளவும் பற்றில்லாத லாரி லாடன் என்ற தத்துவ அறிஞர் ஒரு கண்டனம் எழுதினார். உலகளாவிய பிரளயம் வந்தது என்பதும், பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்பதும் சோதிக்கமுடியாத கூற்றுக்களா? அவை சோதிக்கப்பட்டன, தோற்றன, புதைக்கப்பட்டன. அவற்றைப் பொய் என்று சொல்லவேண்டிய இடத்தில் 'விஞ்ஞானம் அன்று' என்று சொல்லுவது, தோற்றுப்போன கட்சிக்குத் தோல்வியே தீண்டாத ஒரு புகலிடத்தை அமைத்துக் கொடுப்பதாகும் என்பது லாடனுடைய வாதத்தின் சாரம். அமெரிக்க அரசியற்சட்டத்தின் முதல் திருத்தம் அரசாங்கம் சமயத்தை நிலைநாட்டுவதைத்தான் தடை செய்கிறது, மோசமான விஞ்ஞானத்தைப் போதிப்பதைத் தடை செய்யவில்லை என்று ரூஸ் பதிலளித்தார். பதில் நியாயமானதே. வழக்கில் ஜயிக்கவேண்டியிருந்தது, ஜயித்தது குழந்தைகளுக்கு நல்லதாயிற்று. அந்த விவகாரத்தைப் பற்றி 1988இல் தாம் தொகுத்த நூலில் லாடனுடைய கண்டனத்தையும் சேர்த்துக்கொண்டது ரூஸின் பெருந்தன்மைக்கு அடையாளம்.

ஆயினும் வக்கீல்களுக்குத் தேவைப்பட்ட எல்லைக்கல் நீதிஸ்தலத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டியிராது. ரூஸ் அதைத் தூக்கிக்கொண்டு தம்முடைய படிப்பறைக்குப் போனார். அங்கே அது விஞ்ஞானத்தைச் சமயத்திடமிருந்து காக்கும் வேலையை விட்டு, சமயத்தை விஞ்ஞானத்திடமிருந்து காக்கும் வேலையை மேற்கொண்டது. டார்வினைப் பின்பற்றுகிறவன் கிறிஸ்தவனாகவும் இருக்கமுடியுமா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 2001இல் அவர் வெளியிட்ட நூலின் முடிவு, அது எளிதன்று எனினும் நிச்சயமாக முடியும் என்பது. இப்படி ஒரு வினாவுக்கு ஆம் என்று விடை சொல்ல எவ்வளவு சொற்பமான பிரமாணம் போதும் என்பதை வாசகர்கள் யோசிக்கவேண்டும். இரண்டு கூற்றுக்களுக்கிடையே நேரான தர்க்க முரண்பாடு இல்லையென்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. வேண்டிய இடத்தில் வியாக்கியானத்தைத் தளர்த்திக்கொள்ள மட்டும் அனுமதி இருக்குமானால், உலகத்தில் எந்த இரண்டு சித்தாந்தங்களுக்கும் இந்த அளவு உறவை ஏற்படுத்திவிடலாம்.

இங்கிலாந்தில் பிலிப் காஸ் என்ற இயற்கைநூல் அறிஞர், டார்வினுடைய நூல் வெளிவருவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு, 1857இல் இதைச் செய்தே காட்டினார். கடவுள் உலகத்தைப் படைத்தபோதே, அது நெடுங்காலமாக இருந்துவந்ததுபோன்ற அடையாளங்களோடு, பாறைகளில் தொல்லுயிர்ச் சுவடுகளையும் சேர்த்தே படைத்தார் என்று அவர் வாதித்தார். பூகர்ப்பவியலார் கண்டெடுத்த ஒரு சான்றுக்கும் அக்கொள்கை முரணானதன்று. எதிர்காலத்தில் கண்டெடுக்கப்போகிற எதற்கும் முரணாகவும் இயலாது. எனினும் யாரும் அதை ஏற்கவில்லை. காஸின் நண்பரும் சமயகுருவுமான சார்ல்ஸ் கிங்ஸ்லியே, இறைவன் பாறைகளின் மேல் ஒரு மாபெரும் பொய்யை எழுதிவைத்தான் என்று கொள்ளத் தம்மால் முடியாது என்று விலகிக்கொண்டார். முரண் இல்லை என்பது நம்புவதற்கு ஒரு காரணம் ஆகாது என்பதை அந்த விக்டோரியா காலத்துக் குருவானவர் உணர்ந்திருந்தார். ரூஸ் உணராதவர் அல்லர். உணர்ந்தும் ஒதுக்கினார் என்பதே என் குறை.

உயிர்களின் துன்பத்தைப் பற்றிய அவருடைய சமாதானத்தைப் பாருங்கள். சிக்கலான உறுப்புக்களும் தகவமைப்புக்களும் தோன்றுவதற்கு இயற்கைத் தேர்வைத் தவிர வேறு வழியே இல்லை என்று ரிச்சர்ட் டாக்கின்ஸ் வாதித்திருக்கிறார். நாத்திகருடைய அந்த வாதத்தையே கைம்மாற்றாக வாங்கி, வேறு வழி இல்லாதபடியால் கடவுளும் அவ்வழியிலேதான் படைக்கவேண்டியிருந்தது, ஆகவே கோடானுகோடி ஜீவராசிகளின் பசியும் நோயும் அகாலமரணமும் தவிர்க்கமுடியாத செலவு, கடவுளின் கருணைக்கு அதனால் பங்கமில்லை என்று ரூஸ் முடிக்கிறார். சாமர்த்தியமான வாதம், எதிரியின் வில்லை வாங்கி அவனையே எய்கிற அழகு அதில் உண்டு. ஆனால் எந்தக் கிறிஸ்தவனுக்காக இவ்வளவு சிரமப்படுகிறாரோ அவன், மரணமும் கண்ணீரும் இல்லாத ஒரு வாழ்வையும், அழியாத சரீரத்தோடு உயிர்த்தெழுதலையும் விசுவசிக்கிறவன். அந்தச் சரீரங்களைக் கடவுள் எத்தனை யுகங்களின் இயற்கைத் தேர்வினால் உண்டாக்கப்போகிறார்? தேர்வு இல்லாமலே அங்கே உண்டாக்க வல்லவர் என்றால், இங்கே ஏன் உண்டாக்கவில்லை? விசுவாசத்தின் ஒரு பகுதியைக் காப்பதற்காக மற்றொரு பகுதியைக் கண்ணில் படாமல் வைப்பது, விசுவாசிக்கும் உதவாது, அவிசுவாசிக்கும் உதவாது.

அற்புதங்களின் விஷயமும் அப்படியே. அவற்றை இயற்கை விதிகளுக்கு அப்பாற்பட்டவையென்று விசுவாசத்தினால் ஏற்றுக்கொள்ளலாம்; அது கூடாதென்றால், சீடர்களின் உள்ளத்தில் நிகழ்ந்த மாறுதல்களாகப் பொருள் செய்துகொள்ளலாம் என்று ரூஸ் இரண்டு வாயில்களையும் திறந்தே வைக்கிறார். எந்த வாயில் வழியாகப் போவது சரி என்று மட்டும் சொல்வதில்லை. மனிதன் தோன்றியே ஆகவேண்டும் என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டையும், பரிணாமத்துக்குக் குறிக்கோள் கிடையாது என்ற டார்வினியத்தையும் இணைப்பதற்கு, உயிரினங்களுக்கிடையே நடக்கும் ஆயுதப் போட்டி அறிவுள்ள பிராணியில் போய் முடியக்கூடும் என்ற எண்ணத்தை முதலில் நாடினார்; அது போதாதென்று பட்டபோது, எண்ணிறந்த பிரபஞ்சங்கள் இருக்குமானால் எங்கேயாவது ஒன்றில் மனிதன் தோன்றியே தீருவான், காலங்கடந்த கடவுளுக்குக் காத்திருப்பதில் சிரமமில்லை என்றும் பிற்காலத்தில் எழுதினார். ஒரு சிறிய வசதிக்காக எண்ணிறந்த பிரபஞ்சங்களை வரவழைத்துக்கொள்ளும் தாராளத்தை, சிருஷ்டிவாதிகள் யாரேனும் காட்டியிருந்தால் லிட்டில் ராக்கில் அவர் சும்மா விட்டிருப்பாரா?

2010இல் வெளிவந்த 'சயின்ஸ் அண்டு ஸ்பிரிச்சுவாலிட்டி' நூலில் இம்மனப்பான்மை ஒரு தத்துவமாகவே உருவெடுக்கிறது. நவீன விஞ்ஞானம் இயற்கையை இயந்திரமாக உருவகித்துக்கொண்டு வேலை செய்கிறது. இயந்திரத்தைப் பார்த்து, நீ ஏன் இருக்கிறாய், உன்னுடைய இறுதிப் பிரயோஜனம் என்ன, அறத்துக்கு ஆதாரம் எது, உணர்வு எப்படி வந்தது என்றெல்லாம் கேட்பதற்கில்லை. ஆகவே அக்கேள்விகளுக்குச் சமயம் விடை கூற முன்வந்தால் விஞ்ஞானம் அதைத் தடுப்பதற்கில்லை என்கிறார். தடுப்பதற்கில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஒருவன் பயிரிடாமல் விட்ட நிலம் என்பதற்காக அது அடுத்தவனுக்குப் பட்டா ஆகிவிடுமா? சமயத்தின் விடை சரியானதா என்று விசாரிக்கவேண்டிய கடமை தத்துவஞானிக்கு அப்போதும் இருக்கிறது. விசாரித்தால் தாம் அதை நம்பவில்லை என்று ரூஸ் சொல்லவேண்டியிருக்கும். சொல்லவும் சொல்லுகிறார், ஆனால் தமது சொந்த விஷயம்போல, ஒதுக்குப்புறமாக.

அறத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கையோ மென்மையானதன்று. உயிரியல் அறிஞர் எட்வர்ட் வில்சனோடு சேர்ந்து 1980களின் நடுவில் எழுதிய கட்டுரைகளில், நன்மை தீமை என்று நமக்குப் புறத்தே நிலைபெற்ற ஒன்று இருப்பதாக நாம் உணர்வது, நம்மை ஒத்துழைக்கச் செய்வதற்காக மரபணுக்கள் நம்மிடத்தில் உண்டாக்கிய மயக்கம் என்று கூசாமல் சொன்னார். கிறிஸ்தவனுடைய மனச்சாட்சியின் அடியில் வெடிமருந்து வைப்பதற்கு இதைவிட வலிய கொள்கை வேறு என்ன இருக்கிறது? சமரசம் பேச வந்த காலத்திலோ, கடவுள் தம்முடைய கட்டளைகளை நமக்குள் பதிப்பதற்கு அந்த மரபணுக்களையே கருவியாகக் கொண்டிருக்கலாமே என்று விசுவாசிக்கு ஒரு வழியையும் காட்டிவிடுகிறார். மயக்கத்தின் மூலமாக மெய்யைப் போதிக்கிற கடவுளுக்கும், பாறைகளில் பொய் எழுதிய காஸின் கடவுளுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

இக்காரணங்களால் டாக்கின்ஸ் 2006ஆம் ஆண்டு நூலில் ரூஸை, பகைவனுக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினுடைய கோஷ்டியில் சேர்த்து ஏளனம் செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். விசுவாசிகள் படையெடுத்து வந்த பகைவர்கள் அல்லர்; ஆர்கன்ஸாவில் பிஷப்புகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை டாக்கின்ஸ் மறந்துவிட்டார். அறிவார்ந்த வடிவமைப்புவாதியான வில்லியம் டெம்ஸ்கியோடு சேர்ந்து 2004இல் ஒரு தொகுப்பு நூலைக் கொண்டுவந்ததற்காக ரூஸைத் தூற்றியவர்களோடும் நான் சேரவில்லை. பரபக்கத்தைப் பரபக்கத்தாரே சொல்லக் கேட்பது நல்ல வாதமரபு. எதிரியோடு பேசியது அவர் குற்றமன்று. தாம் நம்பாத ஒரு சமயத்துக்குத் தாமே வக்கீலாக அமர்ந்து, அதன் சார்பில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைத் தளர்த்தலாம், எதை உருவகமாக்கலாம் என்று தீர்மானித்து, கட்சிக்காரனைக் கேளாமலே ராஜி எழுதிக்கொடுத்தார். அந்த ராஜியைத்தான் இன்று சமரசம் என்று போற்றுகிறார்கள்.

இதைவிடக் கண்ணியமான முயற்சி ஒன்று டார்வின் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஹார்வர்டில் தாவர நூல் ஆசிரியராக இருந்த ஆசா கிரே உண்மையான கிறிஸ்தவர். டார்வினுக்கு அமெரிக்காவில் வாய்த்த முதல் துணைவர். உயிர்களில் தோன்றும் மாறுதல்களை நன்மையான வழிகளில் இறைவனே செலுத்துகிறான் என்று அவர் தம் கட்டுரைகளில் வெளிப்படையாக எழுதினார். இருக்கலாம், முடியும் என்ற பாதுகாப்பான பேச்சல்ல அது. இயற்கையில் இன்னது நடக்கிறது என்ற துணிபு, ஆகவே தவறாகவும் கூடிய துணிபு. டார்வின் அக்கட்டுரைகளை இங்கிலாந்தில் சிறு நூலாக வெளியிடுவதற்குத் தம் பணத்தையே கொடுத்து உதவினார். பிறகு 1868இல், வளர்ப்புப் பிராணிகளையும் செடிகளையும் பற்றிய தமது பெரிய நூலின் கடைசிப் பக்கங்களில், மலையிலிருந்து தானாக உதிர்ந்த கற்களைப் பொறுக்கி ஒருவன் வீடு கட்டினால், அவன் கட்டுவதற்காகவே அந்தக் கற்கள் அவ்வவ்வடிவில் உடையும்படி சிருஷ்டிகர்த்தா நிர்ணயித்தார் என்று சொல்ல நியாயம் உண்டா என்று கேட்டு, தமது நண்பர் கிரேயின் பெயரைக் குறிப்பிட்டே, அவருடைய நம்பிக்கையைப் பின்பற்றத் தம்மால் இயலவில்லை என்று எழுதினார். அதன் பின்னரும் கிரே கிறிஸ்தவராகவே இருந்தார். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்தும் நின்றுவிடவில்லை.