தோட்டத்துப் பிள்ளையும் 'மீன்கள்' கதையும்

நூல் வேட்கை மிக்க பதினைந்து வயது மாணாக்கனுக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை அளித்தவுடன் தம் கடமை முடிந்ததென அமையும் ஆசிரியர் பதுளைப் பகுதியிலும் உளர். சோழநாட்டை அவன் அறிவது நன்றே. ஆயின், 1934-இல் ஹாலிஎலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதையை அவனுக்கு மறைப்பது ஏன்? ஒற்றையறை லயத்திற் குடும்பம் முழுவதும் ஒடுங்கி உறங்குவதால் விளையும் நாணத்தை அக்கதை பேசுகின்றது. இளையோர்க்கு அஃது ஒவ்வாது என்பர். அத்தகைய அறையிலேயே வளரும் பிள்ளைக்கு அதில் மறைத்தற்குரியது யாது? தன் வீட்டாரின் கூச்சம் அவர்தம் குற்றமன்று, அவர்க்கு அளிக்கப்பட்ட அறையின் குற்றமே என்பதை அவன் முதன்முதலில் உணர்தல் கூடும். தோட்டத்துப் பேச்சை அச்சிற் காணும் களிப்போ தனி. நெடுங்கதை வேண்டுவானாயின், அவர்தம் 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலை அடுத்துக் கொடுக்கலாம்.