அரியலூரின் பசுமை வளையங்கள்

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களின் மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல், கிரெட்டேஷியஸ் யுகத்துக் கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் படிந்து இறுகியதனால் உண்டானது. சிமெண்டுக்கு அது ஏற்ற மூலப்பொருளாதலால், 1979-ல் அரியலூரில் அரசாங்க ஆலை ஏற்பட்டதற்குப் பிறகு, ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று ஊர் ஊராக ஆலைகளும் அவற்றுக்குக் கல் வெட்டித் தரும் சுரங்கங்களும் பெருகின. இத்தகைய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும்போது வழக்கமாக விதிக்கப்பட்டுவந்த நிபந்தனைகளில் ஒன்று, வளாகப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மரங்களுக்கு விட்டுப் பசுமை வளையம் அமைக்க வேண்டும் என்பது. இந்த வழக்கம் நல்லது என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் அந்த நன்மை எதில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, வருஷத்தில் எந்த மாதங்களில் இருக்கிறது என்று விசாரித்துப் பார்ப்பவர் மிகக் குறைவு. வளையத்தின் காரியத்தைச் செய்வது இலையாகையால், விசாரணையும் இலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் மெழுகுப் பூச்சு உடையவை. அவற்றின் வழியே வாயுக்கள் புகுவது அரிது. வாயுக்களுக்கென்று அமைந்த வாயில் இலைத்துளைதான். இரண்டு காப்புச் செல்கள் நீர் ஏறிப் பருத்து வில்லாக வளையும்போது நடுவில் துளை திறக்கிறது. நீர் வடிந்து அவை தளரும்போது மூடிக்கொள்கிறது. திறந்த துளைகளின் பரப்பையெல்லாம் ஒன்றுகூட்டினாலும் அது இலைப்பரப்பில் நூற்றுக்குச் சில பங்குகளைத் தாண்டுவதில்லை. ஆயினும் கரியமில வாயு உள்ளே வருவதும், பிராணவாயுவும் நீராவியும் வெளியேறுவதும் பெரும்பாலும் அவ்வழியாகவேதான். காற்றில் பத்தாயிரத்துக்குச் சுமார் நான்கு பங்கே கரியமில வாயு இருப்பதால், அதில் ஒரு மூலக்கூறைப் பெறுவதற்குச் சாதாரண மரத்தின் இலை நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளைச் செலவழிக்க நேருகிறது. இந்தச் செலவைக் குறைப்பதற்காகவே, பெரும்பாலான மரங்களில் துளைகள் வெயில் படாத கீழ்ப்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. மேல்தோலை அடுத்துத் தூண்களைப்போல நெருங்கி நிற்கும் செல்கள் சூரிய ஒளியை வாங்குகின்றன. அவற்றின் கீழே இடைவெளி மிகுந்த செல்களினூடே காற்று உலவுகிறது. ஒளி மேலிருந்து, காற்று கீழிருந்து என்பது மர இலையின் பொதுவான ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை மனத்தில் கொண்டு பார்த்தால், தூசி இலைத்துளைகளை அடைத்துவிடுகிறது என்று எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டு பாதிதான் சரி என்பது விளங்கும். தூசி படிவது பெரும்பாலும் மேற்பரப்பில். மரங்களின் துளைகளோ கீழே. ஆகவே மரத்துக்கு நேரும் முதல் தீங்கு மூச்சடைப்பு அன்று, வெளிச்சம் குறைவது. அத்துடன் தூசிப் போர்வையால் இலை சூடேறுவது. மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றின் கதை வேறு. அவற்றுக்கு இலையின் இருபுறத்திலும் துளைகள் உண்டு. எனவே ஒளித்தடையோடு துளையடைப்பும் சேர்ந்து அவற்றைத் தாக்கக்கூடும். பெரம்பலூர்க் கரிசலில் முக்கியமான பயிர்கள் இவ்விரண்டுமே என்பதனால், ஆலை வளாகத்து மரத்தைவிடச் சாலையோர வயலின் பயிரே அதிக ஆபத்தில் இருக்கிறது. சிமெண்டுச் சூளைத் தூசி படிந்த இலைகள் கரியமில வாயுவை ஏற்பது குறைகிறது என்பதை அமெரிக்காவில் எல்லிஸ் டார்லி என்பவர் 1966-லேயே எழுதியிருக்கிறார். பனியின் ஈரம் படும்போது அத்தூசி காரமாகிப் பிறகு காய்ந்து பொருக்காக இறுகுகிறது. பின்பு அதைக் காற்று உதிர்ப்பதில்லை.

மாசி மாதத்தில் கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் நிற்கும் ஒரு புங்க இலையைப் பறித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மேலே கிடக்கும் பொடி வரும். அடியில் ஒட்டிய வெண்பொருக்கு வராது. அதன்மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நுண்ணிய குமிழிகள் கிளம்பும். வெறும் செம்மண் தூசியில் இவ்வாறு கிளம்புவதில்லை. கல்லுக்குள் பூட்டப்பட்டிருந்த கரியமில வாயு அமிலம் பட்டதும் வெளியேறுகிறது. அந்த வாயுவுக்காகவே திறந்து மூடும் இலையின்மேல், அதை அடைத்துவைத்த கல்லே மூடியாகக் கிடக்கிறது.

இனி வளையத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும், அது உண்மையான பெருமை. அடர்ந்த மரவரிசை காற்றின் வேகத்தைத் தணிக்கிறது. வேகம் தணிந்த காற்று தன் சுமையைக் கீழே விடுகிறது. அகலமும் சொரசொரப்பும் ரோமமும் உடைய இலைகள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. புகைபோக்கிகளில் மின்வீழ்படிவிகளும் துணிவடிகட்டிகளும் வந்துவிட்டபடியால், எஞ்சிய தூசியில் கணிசமான பாகம் சுரங்கத்திலும் சாலையிலும் தரையோடு தரையாகக் கிளம்புவது. தாழ்வாகப் பரவும் அந்தத் தூசியைத் தடுக்க மரத்தைப்போல மலிவான சாதனம் இல்லை.

குறை தொடங்குவது மரத்தேர்விலும் பருவத்திலும். ஐப்பசி, கார்த்திகை மழை இலைகளைக் கழுவிவிடுகிறது. தை முதல் வைகாசி வரை பெருமழை கிடையாது, லாரிகளோ ஓய்வதில்லை. சரியாக அந்த மாதங்களில்தான், தூசி பிடிப்பதற்கு மிகத் தகுந்த சொரசொரப்பான பேரிலை கொண்ட தேக்கு தன் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கிறது! இப்பிரதேசத்தின் செம்மண் காடுகளில் ஏராளமாக வளர்க்கப்படும் தைலமரம் இலை உதிர்த்து நிற்பதில்லை. ஆனால் அதன் மெழுகிலைகள் செங்குத்தாகத் தொங்குவதால் தூசி அவற்றில் அதிகம் தங்குவதில்லை. காசி இந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங், ராவ் இருவரும் 1983-ல் வகுத்த காற்றுமாசு தாங்கும் குறியீடு, அஸ்கார்பிக் அமிலம், பச்சையம், இலைச்சாற்றின் அமிலகார நிலை, நீர்ச்சத்து என்னும் நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டு மரங்களை வரிசைப்படுத்துகிறது. மிகவும் பயனுள்ள கருவி. ஆயினும் மாசைத் தாங்கி மரம் பிழைக்குமா என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு தூசியைப் பிடிக்கும் என்பதைச் சொல்லாது. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை.

அதைவிடப் பெரிய பிழை, இம்மரங்கள் ஆலையின் கரியமில வாயுவையும் உறிஞ்சிவிடும் என்று நம்புவது. சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு டன் வெந்தால், எரிபொருளின் புகையைச் சேர்க்காமலே, 440 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. நன்கு வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்குச் சுமார் 20 கிலோ ஏற்கும் என்ற பொது மதிப்பீட்டையே வைத்துக்கொண்டாலும், ஒரு டன் கல்லுக்கு 22 மரங்கள் ஒரு வருஷம் உழைக்க வேண்டும். லட்சம் டன்னுக்கு 22 லட்சம் மரங்கள். ஹெக்டேருக்கு ஆயிரம் மரம் வைத்தால் 2,200 ஹெக்டேர் வேண்டும். ஆலைகளோ லட்சக்கணக்கான டன்களைச் சுடுபவை. பெரம்பலூர் ஜில்லாவின் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும், 18 மீட்டர் நீள அடிமரம் வாழ்ந்த அந்தப் பழைய யுகத்தில், கடல் லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்த்துப் பூட்டிய கரியைச் சில தலைமுறைகளில் திறந்துவிடும் வேகத்துக்கு ஒரு மூன்றிலொரு பங்கு தோப்பு ஈடாகாது.

ஆகையால் என் முடிவு இது: பசுமை வளையம் தூசிக்குத் தடுப்பாக வேண்டியது, அவசியமானது, கரியமில வாயுவுக்குப் பிராயச்சித்தமாக அதைக் காட்டுவது பொருந்தாது, தூசியை அது கிளம்பும் இடத்திலேயே அடக்கும் கடமைக்கு மாற்றாகவும் அதைக் கொள்ளக்கூடாது. கன்றுகளின் எண்ணிக்கையையும் நிலப்பரப்பையும் அளந்து திருப்தி அடையும் இன்றைய முறை, கோடையில் எஞ்சும் இலைப்பரப்பை அளக்கும் முறையாக மாற வேண்டும். ஆலை விஸ்தரிப்புக்காகவோ புதுச் சுரங்கத்துக்காகவோ உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் கூடும்போது, எத்தனை ஆயிரம் கன்று நட்டீர்கள் என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பங்குனி, சித்திரையில் இலையோடு நிற்கும் மரங்கள் எவை, அவற்றுக்கு வாரம் எத்தனை முறை தண்ணீர் தெளிக்கிறீர்கள், கல் ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் போர்த்திச் செல்கின்றனவா என்று கேளுங்கள். விடையை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.