கால் வலிக்காத வர்ணனை

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு நாவலில் கதாநாயகன் சைக்கிளில் மலைப்பாதை ஏறுகிறான். விடியற்காலை, பனி, கீழே பள்ளத்தாக்கில் ஓர் ஆறு வெள்ளிக் கம்பி மாதிரி தெரிகிறது, அவன் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போகிறான். அந்த அத்தியாயத்தைப் பலர் பாராட்டினார்கள். ஒரே ஒரு வாசகர் மட்டும் தபால் கார்டில் நாலு வரி எழுதியிருந்தார். சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருப்பதாகக் கையெழுத்துக்குக் கீழே குறிப்பிட்டிருந்தார். மேடு ஏறும்போது பாட்டு வராது, மூச்சுதான் வரும். தாங்கள் அந்தப் பாதையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது என்பது அவர் எழுதியதன் சாரம்.

வாஸ்தவம். பஸ்ஸில்தான் போயிருந்தேன். அதுவும் ஜன்னலோரத்தில்.

அவருக்குப் பதில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அன்று முதல், சைக்கிள் பிரயாணத்தைப் பற்றிய புஸ்தகம் எது கையில் கிடைத்தாலும், மேட்டில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கடலையும் ஆற்றையும் சிகரத்தையும் வர்ணிப்பது பெரிய காரியம் அல்ல. சொல்வளம் உள்ளவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அதைச் செய்துவிடுவார்கள். கடற்கரைச் சாலை சமதளமாயிற்றே, சுலபம் என்று எழுதுகிறவர் எதிர்க்காற்றில் மிதித்ததில்லை என்று அர்த்தம். நிலத்தோற்றம் சைக்கிள்காரனுக்குக் கண் வழியாக வருவதற்கு முன்னால் தொடை வழியாக வந்துவிடுகிறது. அப்படி வந்த புஸ்தகங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதும்.

ஜெரோம் கே. ஜெரோம் இதை உணர்ந்தவர். 1900-ல் வெளிவந்த 'த்ரீ மென் ஆன் தி பம்மெல்' என்ற புஸ்தகத்தில், சைக்கிள் கம்பெனிகளின் விளம்பரப் படங்களை அவர் ஒரு பிடி பிடிக்கிறார். படத்தில் இருக்கிற பெண்மணி உழைப்பதே இல்லை, மிதக்கிறாள். அந்த இடத்தில் ஜெரோமின் ஹாஸ்யம் கூர்மையாக இருக்கிறது. சைக்கிளைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வந்த நண்பர் அதைப் பிரித்துப் போட்டு, குண்டுகள் நாலாபக்கமும் உருண்டோடுகிற கட்டத்தை எத்தனை தடவை படித்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் மூன்று நண்பர்களும் ஜெர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்தை அடைந்ததும் சைக்கிள் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. ஜெர்மானியர்களின் ஒழுங்கைக் கேலி செய்வதில் ஆசிரியர் மும்முரமாகிவிடுகிறார். விளம்பரப் படத்தைக் கேலி செய்தவரே மலைநாட்டைக் கால் வலியில்லாமல் கடந்துவிடுகிறார். அதைச் சைக்கிள் பிரயாணப் புஸ்தகம் என்று சொல்வதற்கில்லை.

எச். ஜி. வெல்ஸின் கதை வேறு. 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' 1896-ல் வெளிவந்தது. எதிர்காலத்தையும் செவ்வாய்க் கிரகத்தையும் பற்றி எழுதிய வெல்ஸைத்தான் நம்மவர்களுக்குத் தெரியும்; இந்தச் சிறிய நாவலைப் படித்தவர்கள் குறைவு. புட்னியில் ஒரு ஜவுளிக் கடை. அதில் ஹூப்டிரைவர் என்ற சிப்பந்தி. கடைக்கு வருகிறவர்களுக்கு அவனுடைய மேல் பாதிதான் தெரியும். பணிவான குனிவு, துணியை விரிக்கிற கை, உபசார வார்த்தைகள். வெல்ஸ் நம்மைக் கௌண்டருக்குப் பின்னால் அழைத்துப் போய் அவனுடைய கால்களைக் காட்டுகிறார். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போன காயங்கள், சிராய்ப்புகள். துப்பறியும் நிபுணர் மாதிரி ஒவ்வொரு காயத்தையும் ஆராய்ந்து, இவன் இரவு வேளைகளில் சைக்கிள் பழகுகிறான் என்ற முடிவுக்கு வருகிறார்.

இந்த ஆரம்பத்துக்காகவே அந்த நாவலை நான் மதிக்கிறேன். கடைச் சிப்பந்திக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யார்? வெல்ஸ் தாமே சிறு வயதில் ஸவுத்ஸீ என்ற கடற்கரை ஊரில் ஜவுளிக் கடையில் வேலை பழகியவர். 1895-ல் வோக்கிங்கில் குடியிருந்தபோது சைக்கிள் விடக் கற்றுக்கொண்டு சுற்றுப்புறமெல்லாம் அலைந்தவர். இரண்டையும் உடம்பால் அறிந்திருந்தார்.

ஹூப்டிரைவருக்குப் பத்து நாள் லீவு கிடைக்கிறது. பழைய கனத்த சைக்கிள் ஒன்றில் ஸர்ரேயின் மேடுபள்ளங்களைக் கடந்து தென்கரைக் கடலை நோக்கிப் போகிறான். வழியில் சாம்பல் நிற உடை அணிந்த ஒரு பெண். அவளை ஏமாற்றி அழைத்து வந்திருக்கும் ஒரு கனவான். பாக்னரிலிருந்து அந்தக் கனவானுடைய சைக்கிளிலேயே அவளை மீட்டுக்கொண்டு நிலா வெளிச்சத்தில் ஓட்டம். நிலாவும் வேகமும் பயமும் கலந்த அந்த ஓட்டம் அருமையானது. ஆனால் காதலும் துரத்தலும் புகுந்த பிறகு அந்தக் காயம்பட்ட கால்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஜவுளிக் கடைக்காரன் சீமான் வேஷம் போடுவதில் இருக்கிற வேடிக்கைதான் முன்னுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இருந்தவன் என்று அவன் அளக்கிற பொய்களுக்கு நாமும் சிரிக்கிறோம். சிரித்த பிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தம்மைப்போல் தப்பிக்க முடியாத ஒருவனை வெல்ஸ் மேலே நின்று தட்டிக்கொடுக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முடிவில் அவன் கடைக்கே திரும்புகிறான். அந்த இடத்தில் வெல்ஸ் பொய் சொல்லவில்லை. அவனைத் திரும்ப அனுப்பும் தைரியம் அவருக்கு இருந்தது.

இந்த இரண்டு புஸ்தகங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் டெர்வ்லா மர்ஃபியின் 'ஃபுல் டில்ட்' புஸ்தகத்துக்கு வந்தேன். 1965-ல் வெளிவந்தது. அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சிற்றூரில் 1931-ல் பிறந்தவர் மர்ஃபி. 2022-ல் அங்கேயே காலமானார். பிளாக்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. வடக்கே நாக்மீல்டவுன் மலைகள். தெற்கே போனால் கடல். ஒரே நாளில் மூன்றையும் சைக்கிளில் பார்த்துவிடலாம். பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் உலகப் படப் புஸ்தகமும் பரிசாக வந்தன. சில நாட்களுக்குள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான மேட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று அந்தச் சிறுமி தீர்மானம் செய்கிறாள். மேட்டில் என்பதைக் கவனியுங்கள். இறக்கத்தில் ஜிலுஜிலுவென்று காற்று வாங்கும்போது எழுந்த ஆசை அல்ல.

1963 ஜனவரியில் புறப்பட்டார். ஐரோப்பாவில் அது கொடுமையான குளிர்காலம். ஆண்கள் ஓட்டும் ஆர்ம்ஸ்டிராங் சைக்கிள். டான் குவிக்ஸாட்டின் குதிரையை நினைத்து அதற்கு ரோஸ் என்று பெயர். அதிலிருந்த கியர் அமைப்பை ஆசியப் பாதைகள் தாங்காது என்று கழற்றி எறிந்துவிட்டார். பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தை ஆரம்பித்து நடத்திய ஹென்றி தெக்ராஞ்ஜ், கியர் எல்லாம் வயதானவர்களுக்குத்தான் என்று கருதி, பந்தயத்தில் அதை நெடுங்காலம் அனுமதிக்காமல் இருந்தார். 1937-ல்தான் தடை நீங்கியது. அவருடைய பிடிவாதம் வேறு, மர்ஃபியின் யுக்தி வேறு. உடைந்தால் தாமே சரிசெய்ய முடியாதது எதையும் கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது இவருடைய கணக்கு.

புஸ்தகத்தின் துணைத் தலைப்பை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குச் 'சைக்கிளில்' என்று அவர் சொல்லவில்லை. 'சைக்கிளோடு' என்கிறார். ஒரு வேற்றுமை உருபுதான். ஆனால் புஸ்தகத்தின் யோக்கியதை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. சைக்கிள் அவரைச் சுமந்த தூரமும் உண்டு, அவர் சைக்கிளைச் சுமந்த தூரமும் உண்டு. யுகோஸ்லாவியப் பனியில் லாரியில் ஏறியதையும், ஆப்கானிஸ்தானத்தில் பஸ்ஸில் போனதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த ஆப்கன் பஸ்ஸிலேதான், பிரயாணிகளுக்குள் நடந்த சச்சரவில் ஒரு துப்பாக்கிக் கட்டை பட்டு அவருடைய விலா எலும்புகள் முறிகின்றன.

பஸ் பிரயாணத்தை எழுதும்போது அவருடைய கண் வெளியே போவதில்லை. பக்கத்தில் இருக்கிற மனிதர்கள்மேல் இருக்கிறது. சைக்கிளில் ஏறியதும் பாதையின் ஒவ்வொரு கல்லும் வாக்கியத்தில் வந்து இடிக்கிறது. வடக்குப் பாகிஸ்தானில் கில்கித்திலிருந்து சிலாஸ் வழியாகப் பாபுஸார் கணவாய்க்கு ஏறுகிற பகுதிதான் புஸ்தகத்தின் சிகரம். சிந்து நதிப் பள்ளத்தாக்கில், பாறைகளுக்கு நடுவில், ஆளைச் சுருட்டிப் போடுகிற வெயில். சில நாட்களில் 13,000 அடிக்கு மேலே, பனி மூடிய கணவாயில், ரோஸைத் தோளில் தூக்கிக்கொண்டு நடை. அங்கே அழகு இல்லாமல் இல்லை. ஆனால் அழகு மூச்சு வாங்கின பிறகுதான் வருகிறது. நின்று, தலை சுற்றல் அடங்கி, அதன் பிறகே நிமிர்ந்து பார்க்கிறார். என்னுடைய கதாநாயகன் இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருந்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. வழியில் நண்பர்களுக்கு அனுப்பிய நாட்குறிப்பையே புஸ்தகமாக்கியதால், ஒரு நாள் பார்த்த இரண்டு பேரை வைத்து ஒரு தேசத்துக்கே குணச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார். ஆப்கானியர் உத்தமர், வேறு சிலர் அவ்வளவு இல்லை. இன்னொன்று, மலைநாட்டுக்கு நல்ல ரஸ்தாவும் மோட்டாரும் வந்துவிடப் போகிறதே என்ற அங்கலாய்ப்பு. தொழிற்சாலையில் செய்த யந்திரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கு நாள் கணக்கில் நடக்க வேண்டிய ஊர் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுவது நியாயமா? இந்த இடங்களில் நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் படித்தேன்.

ஆனால் என்னை உறுத்திய குறை வேறு. பத்து வயதில் செய்த தீர்மானத்துக்கும் முப்பத்தொன்றில் புறப்பட்டதற்கும் நடுவில் இருபத்தொரு வருஷம் என்ன ஆயிற்று? இந்தப் புஸ்தகம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றே சொல்லலாம். 1979-ல் எழுதிய 'வீல்ஸ் விதின் வீல்ஸ்' என்ற சுயசரிதையில்தான் விடை இருக்கிறது. தாய் மூட்டு வாத நோயில் முடங்கிப் போனவர். அவரைப் பார்த்துக்கொள்ளப் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர் மர்ஃபி. நடுநடுவே சில வாரங்கள் ஸ்பெயின், ஜெர்மனி என்று சைக்கிளில் ஒரு சுற்று. பிறகு மறுபடி அந்தக் கட்டிலருகே. 1961-ல் தந்தை போனார். 1962-ல் தாயும் போனார். அடுத்த ஜனவரியில் ரோஸ் தெருவுக்கு வந்துவிட்டது. அந்தக் கடைசி வருஷங்களில் தாயின்மேல் இருந்த அன்பையும், அன்போடு சேர்ந்து புளித்துப்போன கசப்பையும் அவர் மறைக்கவில்லை.

லிஸ்மோர் மேட்டுக்குச் சுயசரிதையிலும் வருகிறார். இந்தத் தடவை முந்தின புஸ்தகத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. மேட்டில் மெதுவாகப் பெடலைச் சுற்றுகிற தன் கால்களைச் சிறுமி பெருமையோடு பார்க்கிறாள். இப்படியே செய்துகொண்டிருந்தால் இந்தியா வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. நடக்கவே முடியாத தாயுள்ள வீட்டுக் குழந்தை தன் கால்களைப் பார்க்கிற பார்வை அது. இதைத் தெரிந்துகொண்டு பாபுஸார் கணவாய்க்குத் திரும்பிப் போனபோது, பனியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்தப் பெண் வேறு ஒருத்தியாகத் தெரிந்தாள். பதினாறு வருஷம் ஒருவரைத் தூக்கி உட்காரவைத்துப் பழகியவளுக்கு ஒரு சைக்கிள் என்ன பாரம்?

ஹூப்டிரைவருக்குப் பத்து நாள். இவருக்கு நடுநடுவே சில வாரங்கள். வெல்ஸ் தன் ஆளைக் கடைக்குத் திருப்பி அனுப்பிப் புஸ்தகத்தை மூடினார். திரும்பிப் போனவர் என்ன ஆனார் என்று மர்ஃபி எழுதினார். பதினாலு வருஷ இடைவெளியில், இரண்டு புஸ்தகங்களாக.

அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். ஐந்து வயது மகளோடு கூர்க்கில் தங்கியதைப் பற்றி 1976-ல் ஒரு புஸ்தகம் வெளியாயிற்று. பக்கத்து ஊராயிற்றே என்று அதிலிருந்து ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் அந்தப் பிரயாணத்தில் ரோஸ் இல்லை.