ஏழு நாய்களின் கதையும் ஜவ்வாது மலையும்: தர்ஸ்டனை எப்படிப் படிப்பது?

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகள் பற்றித் தேடினால் பெரும்பாலும் ஒரே கதைதான் கைக்கு வரும். (மலையாளி என்றால் இங்கே கேரளாக்காரர் இல்லை; மலையை ஆள்பவர்.) வீடியோ, சுற்றுலாக் குறிப்பு, மாணவர் கட்டுரை என்று எதைத் தோண்டினாலும் அது போய் நிற்கும் இடம் 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்'. தர்ஸ்டனும் இந்தக் கதையை நேரில் கேட்டு எழுதவில்லை. வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை 1890-களில் திருத்திய ஹெச். ஏ. ஸ்டூவர்ட்டிடமிருந்து எடுத்துப் போட்டார். ஆக, காப்பி-பேஸ்ட் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கதை இதுதான். சக ஆண்டு 1055, அதாவது கி.பி. 1132. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். இவர்கள் ஏளனமாக மறுக்க, வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். "நாய் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று காரியம் செய்துவிடுங்கள்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிட, நாய்கள் பாதியில் திரும்பி ஊருக்கு ஓடிவிடுகின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் காரியம் முடிந்து, மனைவியர் விதவைக் கோலத்தில். சாதியில் இடமில்லை. அந்த ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள். அவர்கள் வழி வந்தவர்களே மலையாளிகள்.

நல்ல கதை, சந்தேகமே இல்லை. ஆனால் இதை வரலாறு என்று படிப்பதில் எனக்குச் சில சிக்கல்கள் உண்டு.

முதலாவது, அந்த ஆண்டு. 1132-இல் ஆண்டது விக்கிரம சோழன். சோழர் காலத்தில் கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்ததைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இந்தக் கதைக்கோ மலையாளிகள் வைத்திருந்த ஒரு சிறு ஓலைச்சுவடி தவிர வேறு சான்று காட்டப்படவில்லை. ஆனால் ஒரு எண் போட்டதும் கதைக்கு ஆவணத்தின் மிடுக்கு வந்துவிடுகிறது. அளவுகோலில் சென்டிமீட்டர்தான் இருக்கு, நாம் மைக்ரானில் பதில் எழுதுகிறோம் என்கிற மாதிரி.

இரண்டாவது, யார் கண்ணால் பார்க்கிறோம்? தூக்கிப் போகப்பட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்லவில்லை. மனைவியாக வந்த வேடர் பெண்களுக்கும் ஒரு வரி கிடையாது. கதையை அப்படியே ஏற்றாலும் இந்த மக்களின் தாய்வழி முழுக்க வேடர் வழிதான். ஆனாலும் 'கீழேயிருந்து போன வேளாளர்' என்பதுதான் சுருக்கமாக எல்லோர் மனதிலும் நிற்கிறது.

மூன்றாவது, இது ஜவ்வாது மலைக்கு மட்டுமான கதை இல்லை. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் போனால் காஞ்சியிலிருந்து வந்து பிரிந்த மூன்று அண்ணன் தம்பிகள் கதை இருக்கிறது. ஆட்கள் மாறுகிறார்கள், சம்பவம் மாறுகிறது, காஞ்சி மட்டும் மாறவில்லை. இது இடப்பெயர்ச்சியின் பதிவு என்பதைவிட, 'நாங்களும் உங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை' என்று சமவெளிக்காரனிடம், அதுவும் குறிப்பேட்டோடு வந்த ஒரு அதிகாரியிடம், சொன்ன பதில் என்றே நான் படிக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டை விட 19-ஆம் நூற்றாண்டைப் பற்றித்தான் இது அதிகம் சொல்கிறது.

தர்ஸ்டனைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அவர் பதிவில் உருப்படியான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது: திருமண முறை, ஊர்த் தலைவர்கள், பஞ்சாயத்து பற்றிய குறிப்புகள். நாம்தான் அதை விட்டுவிட்டு நாய்க் கதையைப் பிடித்துக்கொண்டோம். மலையின் திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்ப் பெயரிலேயே 'நாடு' இன்னும் உயிரோடு இருக்கிறது. பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு, ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார் என்ற அமைப்பு. இன்றைக்கு ஜமுனாமரத்தூரில் ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. அதற்கு முன்னால் இந்த மக்கள் தங்களை எப்படி நிர்வகித்தார்கள் என்பதற்கு இந்த 'நாடு'தான் நூல் முனை.

அடிவாரத்துக்கு வந்தால் செங்கம் நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இவற்றை நூலாக்கியது. அதில் எடுத்தனூர்க் கல் புகழ்பெற்றது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த ஒருவன், பக்கத்தில் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய். நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்! இந்தக் கல்லில் இருப்பவர்தான் மலையாளிகளின் முன்னோர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இடம், காலம், பெயர், சம்பவம் நாலும் சேர்ந்த சான்று எப்படி இருக்கும் என்பதற்கு இது அளவுகோல். திரும்பி ஓடிய ஏழு நாய்களைத் தெரிந்த அளவுக்கு நமக்கு நின்று காத்த கோவிவனைத் தெரியவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போ என்ன என்று கேட்கலாம். பட்டியல் பழங்குடிகள் அட்டவணையில் 'மலையாளி' என்பது மாவட்டப் பெயர்களோடுதான் வருகிறது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யார் பழங்குடி என்பது ஒரு சான்றிதழாகவும், அதன் மேல் ஒரு கல்லூரி இடமாகவும் மாறும் நாட்டில், 'இவர்கள் கீழிருந்து போன வேளாளர்' என்று ஆதாரமில்லாத வரியை உண்மை போலப் போடுவது சும்மா சுவாரசியத்துக்கான வேலை இல்லை.

அந்தக் கதையை எடுத்து எழுதுபவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஸ்டூவர்ட் பெயரையும் 1890-களையும் கூடவே எழுதுங்கள். 1132-ஐ எடுத்துவிடுங்கள். முடிந்தால் நாடு நாடாகப் போய், பெண்களிடமும், இதே கதையைக் கேட்டு எழுதுங்கள்.